டப்பா மேல் ஒட்டிய சீட்டு: மீடியா லைப்ரரியில் ‘ரிஃப்ரெஷ்’ எதை மாற்றும், எதைத் தொடாது

கோத்தகிரியில் எங்கள் தெருவில் ஆறேழு வீடுகளில் டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சிலர் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் கோடி (Kodi) போட்டிருக்கிறார்கள், சிலர் பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின், ஒரு வீட்டில் பிளெக்ஸ். மூன்றுமே டிஸ்க்கில் இருக்கும் படங்களை லைப்ரரி என்ற பட்டியலாகக் காட்டி ஓட்டும் மென்பொருள்கள். ஐப்பசி மழையில் எங்கேயாவது மரம் விழுந்து கேபிளும் இன்டர்நெட்டும் சேர்ந்து போய்விட்டால், கரண்ட் இருக்கிற நேரத்தில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் படம்தான் துணை. இவற்றில் எது மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் நிபுணன் எல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பவன், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் மேல்வீட்டு அக்கா கூப்பிட்டார், அவர் வீட்டில் இருப்பது கோடி. அவருடைய கல்யாணம் 1994-ல் நடந்தது, விஎச்எஸ் கேசட். இந்த ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் யாரோ விசிடியாக மாற்றிக் கொடுத்த 352×288 அளவிலான பிரதிதான் அவர் வீட்டு லைப்ரரியில் இருந்தது. பிறகு கேசட்டைச் சுத்தம் செய்து, 720×576 அளவில் மறுபடி எடுத்து, பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை அதே பெயரில் வைத்திருக்கிறார். லைப்ரரி மட்டும் அசையவில்லை, பழைய அளவையே காட்டியது.

“பத்துத் தடவை ரிஃப்ரெஷ் குடுத்துட்டேன் தம்பி. மாறவே மாட்டேங்குது. காப்பியே ஆகலை போல. இப்ப பாரு, எவனோ ஒரு ஹீரோ போஸ்டர் வேற வந்து ஒட்டிக்கிச்சு.”

அவருடைய கல்யாண வீடியோவுக்கு மேல் சம்பந்தமே இல்லாத ஒரு சினிமா போஸ்டர். கதைச்சுருக்கத்தில் ஒரு கொலை. சிரித்து முடித்த பிறகுதான் தோன்றியது, இதில் அக்காவின் தவறு ஒன்றுமில்லை. ‘ரிஃப்ரெஷ்’ என்ற ஒரே சொல்லை இந்த மென்பொருள்களும் நாமும் மூன்று நான்கு வேறு வேலைகளுக்குப் பொதுவாக வைத்துப் புழங்குகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லைப்ரரி என்பது கோப்பு அல்ல, சீட்டு

சமையலறை அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது எவர்சில்வர் டப்பா. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு: துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, ரவை. எந்த டப்பாவில் என்ன என்று பார்க்க நீங்கள் இருபதையும் திறப்பதில்லை, சீட்டைப் படிக்கிறீர்கள். ஒருநாள் துவரம்பருப்பு தீர்ந்து, அதே டப்பாவில் பாசிப்பருப்பைக் கொட்டிவிட்டு, சீட்டை மாற்ற மறந்தால்? உள்ளே இருப்பது பாசிப்பருப்புதான். சீட்டு மட்டும் பழைய பாட்டையே பாடும்.

மீடியா லைப்ரரி இந்தச் சீட்டுகளின் தொகுப்பு. கணினி மொழியில் இதற்கு டேட்டாபேஸ் என்று பெயர், அதாவது தேடுவதற்கு வசதியாக அடுக்கி வைத்த பதிவேடு. கோடி, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மூன்றுமே இயல்பாக எஸ்கியூலைட் என்ற வகைப் பதிவேட்டில்தான் இதை எழுதி வைக்கின்றன. படம் ஹார்டு டிஸ்க்கில் ஓரிடத்தில் இருக்கும், பதிவேடு வேறோரிடத்தில் இருக்கும்.

எதற்கு இந்தத் தனிப் பதிவேடு, நேராகக் கோப்பையே பார்த்துவிடலாமே என்றால், எண்ணூறு படம் இருக்கும் டிஸ்க்கில் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் எண்ணூறையும் திறந்து பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி டிஸ்க் சுழல ஆரம்பிக்கவே சில விநாடி ஆகும். அதனால் ஒருமுறை பார்த்து எழுதிக்கொள், அப்புறம் எழுதியதைக் காட்டு என்று வைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எழுதி வைத்த எதற்கும் உள்ள குணம் இதற்கும் உண்டு, அது பழசாகும்.

சீட்டில் இரண்டு பக்கம்

முக்கியமான இடம் இது, கொஞ்சம் மெதுவாகப் போகலாம்.

ஒரு படத்தைப் பற்றி லைப்ரரி வைத்திருக்கும் விவரங்களை மொத்தமாக மெட்டாடேட்டா என்கிறார்கள். தகவலைப் பற்றிய தகவல். அதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது.

முதல் வகை, அந்தப் படைப்பைப் பற்றியது: தலைப்பு, வெளியான ஆண்டு, நடிகர்கள், கதைச்சுருக்கம், போஸ்டர். இவை உங்கள் கோப்புக்குள் பெரும்பாலும் இருக்காது. டிஎம்டிபி போன்ற இணையப் பட்டியலிலிருந்து வருகின்றன. அப்படிப் போய் எடுத்துவரும் சின்ன நிரலுக்கு ஸ்கிரேப்பர் என்று பெயர்.

இரண்டாவது வகை, உங்கள் வீட்டில் இருக்கும் அந்தக் கோப்பைப் பற்றியது, அதாவது தொழில்நுட்ப விவரம். எத்தனை நிமிடம் ஓடும், ரெசல்யூஷன் என்ன (படம் எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம் என்ற கணக்கு, 1920×1080 போல), எந்தக் கோடெக், ஒலி ஸ்டீரியோவா 5.1 சேனலா, எந்த மொழி, சப்டைட்டில் உண்டா. கோடெக் என்பது படத்தையும் ஒலியையும் சுருக்கி மடித்து வைக்கும் முறை. எச்.264 என்ற முறை 2003-ல் வந்தது. 2013-ல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் மடிக்கும், பதிலுக்குப் பிரிப்பதற்கு அதிக உழைப்புக் கேட்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் ரிஃப்ரெஷ் அழுத்துகிறீர்கள், பிளேயர் டிஎம்டிபியிடம் போய்க் கேட்கிறது. நடிகர் யார் என்று கேட்டால் அது சொல்லும். கோத்தகிரியில் ஒரு வீட்டு டிவிக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கில் அந்தப் படம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? பருப்பு டப்பாவில் என்ன இருக்கிறது என்று மளிகைக் கடைக்குப் போன் போட்டுக் கேட்கிற கதைதான்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: லைப்ரரி காட்டுவது சீட்டை. சீட்டின் ஒரு பக்கத்தை வெளியில் கேட்டு நிரப்புகிறார்கள், மறுபக்கத்தை டப்பாவைத் திறந்துதான் நிரப்ப முடியும். ரிஃப்ரெஷ் என்று எழுதியிருக்கும் பொத்தான் பல இடங்களில் முதல் பக்கத்தை மட்டுமே மனதில் வைத்தது.

குத்தூசி: திறக்காமல் பார்ப்பது எப்படி

அரிசி மண்டியில் குத்தூசி பார்த்திருப்பீர்கள். மூட்டையைப் பிரிக்காமல், சாக்கில் ஒரு குத்து, வெளியே இழுத்தால் ஊசியின் பள்ளத்தில் ஒரு பிடி அரிசி. பொன்னியா, இட்லி அரிசியா, பழசா, புதுசா என்று அதிலேயே சொல்லிவிடுவார்கள்.

கோப்புக்கும் அப்படி ஒன்று உண்டு. அதைச் செய்வதைப் புரோப் செய்வது என்பார்கள். ஜெல்லிஃபின் இதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் திட்டத்தின் எஃப்எஃப்புரோப் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. 2000-ல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய அந்தத் திட்டம் இல்லாமல் இன்றைய வீடியோ மென்பொருளில் பாதி நிற்காது என்பது என் கருத்து. புரோப் முழுப் படத்தையும் படிப்பதில்லை. கோப்பின் தலைப்பகுதியையும் கொஞ்சம் உள்ளடக்கத்தையும் பார்த்துவிட்டு விவரத்தைச் சொல்லிவிடும், பெரும்பாலும் ஓரிரு விநாடியில்.

தலைப்பகுதி என்றேன். எம்கேவி, எம்பி4 என்று கோப்பின் கடைசியில் வரும் பெயர் கோடெக்கின் பெயர் அல்ல, கண்டெய்னரின் பெயர். கண்டெய்னர் என்றால் சாட்சாத் டப்பாதான்: உள்ளே படம் ஒரு பொட்டலம், தமிழ் ஒலி ஒரு பொட்டலம், தெலுங்கு ஒலி ஒரு பொட்டலம், சப்டைட்டில் ஒரு பொட்டலம். எந்தப் பொட்டலம் எந்த வகை என்ற குறிப்பு டப்பாவின் தலைப்பகுதியில் இருக்கும். ஆகவே “எம்கேவி ஓடுது, ஆனா இந்த எம்கேவி மட்டும் ஓடலை” என்பது விசித்திரமான புகார் இல்லை. டப்பா ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு.

குத்தூசிக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. விசிடியிலிருந்து இழுத்துப் பெரிதாக்கிய வீடியோவை 1920×1080 என்றுதான் அது சொல்லும், அளவு அதுதானே. பார்க்கக் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்பது அதன் வேலை இல்லை. மொழியும் அப்படித்தான். கோப்பைத் தயாரித்தவர் தமிழ் ஒலிக்குத் தெலுங்கு என்று குறித்திருந்தால் புரோப் தெலுங்கு என்றுதான் சொல்லும், ஒலியைக் கேட்டுப் பார்த்து மொழி கண்டுபிடிப்பதில்லை. எம்கேவி என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவசக் கருவியில் தலைப்பகுதியை மட்டும் திருத்தலாம், முழுக் கோப்பையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. திருத்திய பிறகு லைப்ரரி அதை மறுபடி புரோப் செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய தெலுங்குதான் காட்டும்.

கோப்பின் பெயரில் 1080 என்று எழுதினால் விவரம் மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மாறாது. பெயர் படத்தைக் கண்டுபிடிக்க உதவும், அளவைத் தீர்மானிக்காது.

கோப்பு மாறியது ஏன் தெரியாமல் போகிறது

எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன் லாரி நம்பரைப் பார்த்துத் தடுப்பைத் தூக்குகிறார். தினமும் வரும் லாரி, தெரிந்த நம்பர், உள்ளே இன்று தேயிலையா உரமா என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

லைப்ரரி ஸ்கேன் செய்யும்போதும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஸ்கேன் என்றால் ஃபோல்டர்களைச் சுற்றி வந்து புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பது. கோடியில் ‘அப்டேட் லைப்ரரி’ கொடுத்தால், ஏற்கெனவே பதிவேட்டில் உள்ள பெயர் என்றால் “இதை எனக்குத் தெரியும்” என்று தாண்டிப் போகும். அக்கா செய்தது போல அதே பெயரில் புதுக் கோப்பை வைத்தால் அது புது வரவாகவே கணக்கில் வராது. அப்புறம், கோடியில் ‘வீடியோ கோப்பிலிருந்து விவரம் எடு’ என்ற அர்த்தத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. அது காலியாக இருக்கும் சீட்டைத்தான் நிரப்பும், தவறாக நிரம்பிய சீட்டை அழித்து எழுதாது. இந்த ஒரு வரி தெரியாமல் அந்த அமைப்பை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு மாலை முழுக்கச் செலவழித்தவன் நான்.

ஜெல்லிஃபின் போன்ற சர்வர் வகைகள் (ஓரிடத்திலிருந்து மற்ற டிவிக்கும் போனுக்கும் படம் அனுப்புபவை) கோப்பின் திருத்த நேரத்தையும் பார்க்கும், நேரம் மாறியிருந்தால் மறுபடி புரோப் செய்யும். அங்கேயும் ஒரு சிக்கல் வரலாம்: சில காப்பி முறைகள் மூலக் கோப்பின் பழைய நேரத்தை அப்படியே கொண்டுவந்து வைத்துவிடும்.

சீட்டு தவறாக இருந்தால் படமும் தவறாக ஓடுமா?

இதற்கு ஒரே பதில் இல்லை, எந்தப் பிளேயர் என்பதைப் பொறுத்தது. காப்பியே ஆகலையோ, பழசுதான் ஓடுமோ என்று அக்கா பயந்தது இதற்குத்தான்.

கோடி படத்தை ஓட்டும்போது சீட்டை நம்புவதில்லை. கோப்பைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தானே பார்த்து, அதன்படி ஓட்டும். எனவே கோடியில் தவறான விவரம் பெரும்பாலும் காட்சிக் குறைதான். திரையில் 480 என்ற முத்திரை இருந்தாலும் ஓடுவது புதுக் கோப்புதான். வரிசைப்படுத்தும்போதும், ‘4கே படங்கள் மட்டும்’ போன்ற தானியங்கிப் பட்டியல் போடும்போதும்தான் இடிக்கும்.

ஜெல்லிஃபினும் பிளெக்ஸும் வேறு. அங்கே சர்வர் ஓர் அறையில், டிவியோ போனோ வேறு அறையில். இந்த டிவியால் இந்தக் கோப்பை அப்படியே ஓட்ட முடியுமா என்று சர்வர் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும், அதற்கு அது பார்ப்பது பதிவேட்டில் உள்ள தொழில்நுட்ப விவரத்தை. முடியாது என்று பட்டால் வேறு கோடெக்குக்கு மாற்றிக்கொண்டே அனுப்பும். இதற்கு டிரான்ஸ்கோட் என்று பெயர், பல் இல்லாத பாட்டிக்குச் சோற்றை மசித்துக் கொடுப்பது மாதிரி. இப்போது சீட்டில் எச்.264 என்று இருக்கிறது, நீங்கள் இடம் மிச்சம் பிடிக்க அதே பெயரில் எச்.265 கோப்பை வைத்துவிட்டீர்கள், டிவி பழசு. சர்வர் சீட்டை நம்பி அப்படியே அனுப்பினால் ஒலி மட்டும் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும், அல்லது ஓடவே ஓடாது. தலைகீழாக நடந்தால், மசிக்கத் தேவையில்லாத சோற்றைச் சர்வர் மூச்சுவாங்க மசித்துக்கொண்டிருக்கும், லேப்டாப் கொதிக்கும், படம் திக்கித்திக்கி வரும்.

ஆக, நிரந்தர சந்தேகத்துக்குப் பதில்: கோடி ஓட்டும் நேரத்தில் டப்பாவைத் திறந்து பார்க்கிறது, சர்வர்கள் சீட்டைப் பார்த்துப் பரிமாறுகின்றன.

பாதியில் நின்ற காப்பி

இது எங்கள் ஊருக்கே உரிய வியாதி என்று சொல்லமாட்டேன், ஆனால் கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் நிறைய வரும். படம் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது, நடுவில் கரண்ட் போகிறது.

எம்கேவியில் பொட்டல விவரமும் மொத்த ஓடும் நேரமும் வழக்கமாக முன்பகுதியிலேயே இருக்கும். பாதி கோப்புதான் வந்தது என்றாலும் புரோப் “இரண்டரை மணி நேரப் படம்” என்று உற்சாகமாகச் சொல்லும், லைப்ரரியும் அப்படியே எழுதிக்கொள்ளும், நீங்கள் இடைவேளை வரை பார்த்துவிட்டு அதற்குப் பின் ஒன்றுமில்லை என்று கண்டுபிடிப்பீர்கள். எம்பி4-ல் அந்த விவரம் பல சமயம் கோப்பின் கடைசியில் இருக்கும். பாதி வந்த எம்பி4-ல் கடைசிப் பகுதியே இல்லை என்பதால் புரோப் கையை விரித்துவிடும், முத்திரை எதுவும் வராது, படமும் ஓடாது. இரண்டு இடத்திலும் ரிஃப்ரெஷ் உதவாது. மூலக் கோப்பின் அளவையும் வந்த கோப்பின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், குறைந்தால் மறுபடி காப்பி செய்யுங்கள். காப்பி முடிவதற்குள் லைப்ரரி தானாக ஸ்கேன் செய்து அரைகுறை விவரத்தை எழுதிக்கொள்வதும் உண்டு, அதனால் வேறு ஃபோல்டரில் முழுதாக இறக்கிவிட்டுப் பிறகு உள்ளே நகர்த்துவது என் பழக்கம்.

சரி, எதை அழுத்துவது?

பிளெக்ஸில் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன, அதற்காக அவர்களைப் பாராட்டலாம். ‘ரிஃப்ரெஷ் மெட்டாடேட்டா’ வெளிப்பக்கம், ‘அனலைஸ்’ உள்பக்கம். தொழில்நுட்ப விவரம் தவறு என்றால் அனலைஸ்தான்.

ஜெல்லிஃபினில் ரிஃப்ரெஷ் கொடுத்தால் மூன்று தேர்வு கேட்கும்: புதிய, மாறிய கோப்புகளைத் தேடு, விடுபட்டதை நிரப்பு, எல்லாவற்றையும் மாற்றி எழுது. முதலில் முதலாவதை முயலுங்கள். கடைசித் தேர்வு கோப்பையும் மறுபடி புரோப் செய்யும், ஆனால் நீங்கள் கையால் திருத்திய தலைப்பும் குறிப்பும் போய்விடும், பூட்டி வைக்காவிட்டால். ஒரு படத்துக்குத் தேவை என்றால் அந்த ஒன்றில் மட்டும் கொடுங்கள், மொத்த லைப்ரரிக்கும் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

கோடியில் எளிய வழி, படத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவது. நிறுத்தும்போது, ஓட்டுகையில் கண்ட உண்மையான விவரத்தை அது பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். மந்திரம் போலத் தோன்றும், மேலே சொன்னதைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். 2023 ஜனவரியில் வந்த கோடியின் 20-ஆம் பதிப்புக்கு மாறிய பிறகு புதிய படங்களுக்கு எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் துல்லியமாகத் தெரியும் பட வகை) முத்திரை வருகிறது, பழையவற்றுக்கு வரவில்லை என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்: பழைய சீட்டில் அந்தக் கட்டமே கிடையாது, மறுபடி பார்த்தால்தான் நிரம்பும்.

‘கிளீன் லைப்ரரி’ இந்த வேலைக்கு அல்ல. அது காணாமல்போன கோப்புகளின் சீட்டைக் கிழித்துப் போடுவது. டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். கரண்ட் வந்து பெட்டி எழுந்து, டிஸ்க் இன்னும் எழாத நேரத்தில் கிளீன் கொடுத்து, எதை எதுவரை பார்த்தோம் என்ற கணக்கையெல்லாம் இழந்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு.

அக்கா வீட்டுப் போஸ்டர்

அக்காவின் மகன் கோவைக்குப் படிக்கப் போகும் முன் கல்யாண வீடியோவுக்குப் பக்கத்தில் ஒரு என்எஃப்ஓ கோப்பு வைத்துவிட்டுப் போயிருந்தான். என்எஃப்ஓ என்பது படத்தின் விவரத்தை எழுதி அதன் அருகிலேயே வைக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. கோடியிலிருந்து ஏற்றுமதி செய்தால் அதில் தலைப்போடு தொழில்நுட்ப விவரமும் சேர்ந்தே வரும். இவன் ஏற்றுமதி செய்தது விசிடிப் பிரதி இருந்த காலத்தில். உள்ளே 352, 288 என்று அப்படியே இருந்தது.

அக்கா ரிஃப்ரெஷ் கொடுக்கும்போதெல்லாம் கோடி ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: பக்கத்தில் உள்ளூர் விவரம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு இன்டர்நெட்டில் தேடவா? வேண்டாம் என்றால் என்எஃப்ஓவில் உள்ள பழைய அளவு திரும்பி வந்தது. பத்தாவது தடவை எரிச்சலில் சரி என்று அழுத்த, இணையத்தில் அதே மாதிரிப் பெயருள்ள சினிமாக்களின் பட்டியல் வந்தது, அதில் எதையோ தொட்டுவிட்டார்.

என்எஃப்ஓவைத் திறந்து தொழில்நுட்ப விவரம் இருந்த பகுதியை மட்டும் நீக்கினேன். ரிஃப்ரெஷ் கொடுத்து, இந்த முறை உள்ளூர் விவரத்தையே எடுக்கச் சொன்னேன். கொலைக் கதை போனது, அவர்கள் வீட்டுத் தலைப்பும் மகன் வைத்திருந்த தாலி கட்டும் படமும் திரும்பின. அந்த ஃபோல்டருக்கு ஸ்கிரேப்பரை ‘உள்ளூர் விவரம் மட்டும்’ என்று மாற்றி வைத்தேன், வீட்டு வீடியோ ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் இதைச் செய்துவிடுவது நல்லது. பிறகு படத்தை ஓட்டினேன். முத்திரை மாறுவதற்கு ஒரு நிமிடம் போதும், நிறுத்தலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். “இருப்பா, எங்கம்மா வர்றாங்க” என்றார் அக்கா. முழுதாக ஓடி முடிந்த பிறகுதான் 576 வந்தது.